பத்து வருஷமா, பதினாலா, சாகும்வரையா? பாலியல் குற்றத் தண்டனையில் எதை மாற்றினால் பலன்

ஒரு மாவட்டத் தலைநகரத்தின் மகிளா நீதிமன்ற வராண்டா. நான் போனது வேறு வேலையாக. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சொத்து வழக்குக்கு வாய்தா. உட்கார இடம் கிடைத்தது இங்கேதான். பக்கத்து பெஞ்சில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, அவள் அம்மா, பாட்டி. பாட்டி குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனாலும் காதில் விழுந்தது. "இருபது வருஷம் போட்டுருவாங்களாம்டி. என்ன இருந்தாலும் உன் தம்பிடி அவன். வெளிய வர்றப்ப நான் இருக்க மாட்டேன். புள்ள வாயத் தொறக்கலைன்னா எல்லாரும் பொழச்சுக்கலாம்." அம்மா பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பதினொன்றரை மணிக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதிபதி விடுப்பு. அடுத்த வாய்தா இரண்டு மாதம் கழித்து.

கொடூரமான வழக்கு ஒன்று வெளியே வரும்போதெல்லாம் ஊரே கேட்கும் கேள்வி, "இவனுங்களுக்குப் பத்து வருஷம் போதுமா?" என்பது. கேட்பவர் கோபத்தில் தப்பில்லை. ஆனால் அந்த வராண்டாவில் இருபது வருஷம் என்கிற எண் பயமுறுத்தியது மாமனை அல்ல, பாட்டியை. அந்தப் பயம் கடைசியில் வந்து உட்கார்ந்தது பெண்ணின் வாய்மேல்.

சட்டமன்றத்தில் கை தூக்குகிறவர்களுக்கும் சரி, அவர்களுக்கு ஓட்டுப் போடும் நமக்கும் சரி, இதில் தேர்ந்தெடுக்க ஐந்து வழிகளாவது இருக்கின்றன. குறைந்தபட்சத் தண்டனையை இன்னும் கூட்டலாம். தூக்கை விரிவாக்கலாம். தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் தரலாம். தண்டனையைத் தொடாமல், வழக்கு உடையாமல் காக்கப் பணத்தையும் ஆளையும் போடலாம். தண்டனை குறைவாக வந்தால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்ய வழி திறக்கலாம். நான் கடைசி இரண்டின் பக்கம். மற்றதை ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில், புத்தகத்தில் இருக்கும் தண்டனை நிஜமாகவே குறைவா? 1983 வரை வன்புணர்வுக்குக் குறைந்தபட்சத் தண்டனை என்ற ஒன்றே இந்தியச் சட்டத்தில் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமியைக் காவல் நிலையத்திலேயே சிதைத்த வழக்கில் இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுதலை செய்தது. மதுரா வழக்கு என்று பெயர் பெற்ற அதற்கு எழுந்த எதிர்ப்பில்தான் 7 ஆண்டு என்ற அடிக்கோடு வந்தது. காவலில் நடந்தாலோ கும்பலாகச் செய்தாலோ 10. கூடவே ஒரு பொந்தையும் வைத்தார்கள். 'போதுமான, சிறப்பான காரணம்' இருந்தால் நீதிபதி அதற்கும் கீழே போகலாம். அந்தப் பொந்து வழியாக என்னென்ன போயிற்று என்பதற்கு 2011 பிப்ரவரியில் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு போதும். பஞ்சாபில் 1997இல் நடந்த கும்பல் வன்புணர்வு. இரு தரப்பும் ராஜியாகிவிட்டார்கள், சம்பவம் நடந்து வருஷம் பல ஆயிற்று என்று சொல்லி, 10 ஆண்டுத் தண்டனையை ஏற்கெனவே உள்ளே இருந்த சுமார் மூன்றரை ஆண்டோடு முடித்துவிட்டார்கள். தண்டனை ரொம்பக் குறைவு என்ற பேச்சு காற்றில் வந்ததல்ல.

தில்லிப் பேருந்துச் சம்பவத்துக்குப் பின் 2013இல் அந்தப் பொந்தை அடைத்தார்கள். கும்பல் வன்புணர்வுக்குக் குறைந்தது 20 ஆண்டு என்றானது. கத்துவா, உன்னாவ் ஊர்களில் சிறுமிகள் சிதைக்கப்பட்ட சம்பவங்களுக்குப் பின் 2018இல் 7 என்பது 10 ஆனது. 16 வயதுக்குட்பட்ட சிறுமி என்றால் 20. 12க்குட்பட்டவர் என்றால் 20இல் தொடங்கித் தூக்கு வரை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் 2019இல் அதே வழியில் போனது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் இதைத்தான் எடுத்துக்கொண்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளான சம்பவம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் அந்த 10ஐ 14 ஆக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆக 7, 10, 14 என்று ஏணி ஏறிக்கொண்டே இருக்கிறது. முக்கியமான குற்றங்களுக்கு எழுத்தில் இருக்கும் தண்டனை குறைவு என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சட்டத்தின் சில மூலைகளில் தண்டனை நிஜமாகவே கேலிக்கூத்து. அந்த மூலைகளைப் பற்றிக் கூட்டம் போட்டுக் கத்துகிறவர்கள் குறைவு. ஒரு திருநங்கையைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினால், 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டப்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான். கூவாகத்துக்கு ஆண்டுதோறும் ஊர் திரண்டு போகும் மாநிலத்தில் இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? வயது வந்த ஆண் பாதிக்கப்பட்டால் அதுவும் இல்லை. ஆண்மேல் நடக்கும் வன்முறைக்கும் பொருந்தி வந்த பழைய 377ஆம் பிரிவைப் புதிய சட்டத்தில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். காயப்படுத்தியது, அடைத்து வைத்தது என்று வேறு பிரிவைத் தேட வேண்டும். 18 வயதைத் தாண்டிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால் வன்புணர்வு என்ற சொல்லே பொருந்தாது என்கிறது சட்டம். பிரிந்து வாழும் மனைவி என்றால் 2 முதல் 7 ஆண்டு. தண்டனையைக் கூட்டத்தான் வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறவர் இந்த மூலைகளிலிருந்து தொடங்கட்டும், நானும் கூட வருகிறேன்.

சரி, குறைந்தபட்சத்தை இன்னும் கூட்டுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாதி பார்த்து, பணம் பார்த்து, 'இளைஞன், எதிர்காலம் இருக்கிறது' என்று இரக்கப்பட்டு நீதிபதி தண்டனையைக் குறைத்துவிடாமல் கையைக் கட்டிப்போடுகிறது. 2011 தீர்ப்பைப் படித்தவர்கள் யாரும் இந்தக் கயிறு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கையைக் கட்டினால் நீதிபதி காலால் வேறு வழி தேடுவார். தண்டனையைக் குறைக்க முடியாதபோது குற்றத்தையே சின்னதாக்கிவிடலாம், இல்லையென்றால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவிடலாம்.

இது ஊகம் அல்ல என்பதற்கு நாக்பூர் வழக்கு இருக்கிறது. 2016இல் கொய்யாப்பழம் தருகிறேன் என்று 12 வயதுச் சிறுமியை ஒருவர் வீட்டுக்குள் கூட்டிப்போய் உடையின் மேலாகச் சீண்டினார். கீழமை நீதிமன்றம் போக்சோவின்கீழ் மூன்று ஆண்டு கொடுத்தது. அந்தப் பிரிவில் அதுதான் குறைந்தபட்சம். 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, தோலோடு தோல் படவில்லை, ஆகவே இது போக்சோ குற்றமே அல்ல என்று சொல்லி, குறைந்தபட்சம் ஓராண்டு மட்டுமே கொண்ட வேறு பிரிவுக்கு இறக்கியது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றுதான் இங்கே முக்கியம்: தண்டனை கடுமையானது, ஆகவே ஆதாரமும் அவ்வளவு கறாராக இருக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தூக்கி எறிந்து மூன்று ஆண்டை மீட்டது. மூன்றாண்டுக்கே ஒரு நீதிபதிக்கு இப்படித் தோன்றியது என்றால், இருபது ஆண்டு முன்னால் நிற்கும்போது எத்தனை பேருக்கு, சத்தமில்லாமல், தோன்றும்? தில்லி விசாரணை நீதிமன்றத் தீர்ப்புகளை 2013க்கு முந்தைய சட்டம், பிந்தைய சட்டம் என்று பிரித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பொந்து அடைக்கப்பட்ட பிறகு தண்டனை கிடைத்த விகிதம் குறைந்திருந்தது. ஒரு நகரத்துக் கணக்கை வைத்து நாட்டையே அளக்க முடியாதுதான். ஆனாலும் அந்தப் பாட்டியின் முணுமுணுப்பும் அந்தக் கணக்கும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. போக்சோ வலையில் மாமன்கள் மட்டும் விழுவதில்லை, ஓடிப்போன காதலர்களும் விழுகிறார்கள். சாதி மாறிக் காதலித்த பையன்மேல் பெண்ணின் அப்பா போக்சோ புகார் கொடுப்பது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புதுக் கதை அல்ல. 2021 ஜனவரியில் ஓர் ஆட்டோ ஓட்டுநர்மேல் போடப்பட்ட அப்படியொரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். ரத்து செய்யக் கேட்டது பெண்ணும் அவள் தாயும்தான். மேற்கு வங்கத்தில் 14 வயதில் வீட்டை விட்டுப் போய், பின்னால் அதே ஆளோடு குடும்பம் நடத்தி, குழந்தையும் பெற்ற பெண்ணின் வழக்கு இதைவிடப் பாடாகிவிட்டது. அவனுக்கு 20 ஆண்டு. குற்றம் குற்றம்தான் என்று 2024இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றமே, குற்றத்தைவிட அதன் பின் வந்த வழக்கும் அலைச்சலும்தான் இந்தப் பெண்ணை அதிகம் வதைத்தன என்று பார்த்து, 2025 மே மாதம் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு அவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்றது. தில்லி வரை போக முடிந்தால் இரக்கம் கிடைக்கும். திருவண்ணாமலையோடு நின்றுவிடுகிறவருக்கு 20 வருஷம் 20 வருஷம்தான்.

தூக்கைப் பற்றி நீட்டப் போவதில்லை. 2012 டிசம்பர் 16இல் நடந்த குற்றத்துக்கு, நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில், தூக்கு நிறைவேறியது 2020 மார்ச் 20இல். அந்தச் சம்பவத்தை ஒட்டியே அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, மக்கள் கொதித்துக்கொண்டிருந்த 2013 ஜனவரியிலேயே வன்புணர்வுக்குத் தூக்கு வேண்டாம் என்று எழுதியது. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகனைத் தூக்குக்கு அனுப்பப் பேத்தியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் பாட்டி எந்த ஊரில் இருக்கிறார்? சாட்சி உயிரோடு இருந்தாலும் தூக்கு, இல்லாவிட்டாலும் தூக்கு என்றால், குற்றவாளியின் புத்தி எந்தப் பக்கம் போகும் என்ற பழைய பயமும் எனக்குத் தீரவில்லை. ஆந்திரம் 2019 டிசம்பரில் 21 நாளில் தீர்ப்பு, தூக்கு என்று திஷா மசோதாவை ஆரவாரமாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமல் அது நின்றுபோனது.

மூன்றாவது வழி, குறைப்பு இல்லாத ஆயுள். இதில் எனக்குப் பாதி சம்மதம். நீதிமன்றம் கொடுத்ததை அரசு பின்வாசலில் கழித்துவிடுவதும் சலுகைதான். 2002 குஜராத் கலவரத்தில் கும்பல் வன்புணர்வுக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் ஆயுள் பெற்ற 11 பேரை 2022 சுதந்திர தினத்தன்று குஜராத் அரசு வெளியே விட்டது. வாசலிலேயே மாலை, இனிப்பு. 2024 ஜனவரி 8இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவர்களைத் திரும்ப உள்ளே போகச் சொன்னது. இரண்டு பெண்களை வன்புணர்ந்ததற்காக 2017இல் 20 ஆண்டு பெற்ற ஹரியானா சாமியார் பத்துத் தடவைக்கு மேல் பரோலிலும் விடுப்பிலும் வந்து போய்விட்டார். ஆகவே யாரை, எப்போது, எந்தக் குழு விடலாம் என்பதை இறுக்குவது சரியே. பல பெண்களைச் சீரழித்த பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் அடுத்த மாதம் 2ஆம் தேதி, 30 ஆண்டுக்குக் குறைப்பே கூடாத ஆயுள். இரண்டையும் ஊர் வரவேற்றது. ஒரு சின்ன உறுத்தல் மட்டும். இத்தனை ஆண்டு குறைப்பு இல்லை என்று ஆயுளுக்குப் பூட்டுப் போடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் என்று 2015இல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. விசாரணை நீதிமன்றம் போடும் பூட்டு மேல்முறையீட்டில் தாங்குமா என்பது தனிக் கேள்வி. எப்படியும் இந்த வழி தண்டனை பெற்றவர்களைப் பற்றியது மட்டுமே. தண்டனையே பெறாதவர்களை இது தொடாது.

அவர்கள்தான் பெரும்பான்மை. 2022இல் நாட்டில் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31,516. அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகளில் நூற்றுக்கு 27 அல்லது 28இல்தான் தண்டனை. விசாரணைக்குக் காத்துக் கிடந்தவை பத்தில் ஒன்பதுக்கும் மேல். 7ஐ 10 ஆக்கினாலும் 14 ஆக்கினாலும் மீதி 72க்கு அது பூஜ்யம்தான். அந்த 72லும் பொய்ப் புகார் இருக்கும், நிஜமாகவே நிரபராதியும் இருப்பார். ஆனால் சாட்சிகள் சொல் மாறி, பிறழ் சாட்சியாகிக் கவிழ்ந்த வழக்குகள் எத்தனை என்பது நீதிமன்ற வராண்டாவில் ஒரு வாரம் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்கு வாச்சாத்தியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அரூர் பக்கத்து மலைக்கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் சிதைக்கப்பட்டார்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். வன்புணர்வுக்காகத் தண்டிக்கப்பட்ட 17 பேரில் 12 பேருக்குப் பத்து ஆண்டு, 5 பேருக்கு ஏழு. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023இல், அதே செப்டம்பர் 29ஆம் தேதி. பத்து ஆண்டு குறைவு என்றால் குறைவுதான். ஆனால் அந்த 54 பேர் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. அவர்களுக்கு நாற்பது ஆண்டு எழுதி வைத்திருந்தாலும் அதேதான். 19 வருஷம் அந்தப் பெண்கள் சொல் மாறாமல் நின்றதற்கு மலைவாழ் மக்கள் சங்கமும் வக்கீல்களும் கூடவே நின்றது ஒரு காரணம். எல்லாப் பெண்ணுக்கும் ஊரே கூட நிற்பதில்லை.

பொள்ளாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அரசாணையிலும் பெயர் வந்தது. அவள் அண்ணனை ஆள் வைத்து அடித்தார்கள். அத்தனைக்கும் பிறகு, வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய், மூடிய அறையில் விசாரணை நடந்து, 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அந்தத் தீர்ப்பின் பெருமை 'சாகும்வரை' என்ற சொல்லில் இருப்பதாக எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்த 48தான் பெரிதாகத் தெரிகிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கிலும் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்து பெண்ணை இரண்டாம் முறை புண்படுத்தியது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளின் குழுவை அமைத்தது. ஐந்தரை மாதத்துக்குள் தண்டனை. அப்படியென்றால் முடியும். எல்லா வழக்குக்கும் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருக்கிறது என்பதுதான் கோளாறு.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. வேகம் வேகம் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு பீகாரின் அராரியா இருக்கிறது. அங்கே 2021இல் ஒரு போக்சோ நீதிபதி சில நாட்களிலேயே விசாரணையை முடித்துக் கடுந்தண்டனை கொடுத்துப் பேர் வாங்கினார். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு மூச்சு விடவே நேரம் தரவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்து, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது; உச்ச நீதிமன்றமும் 2024இல் அதை ஏற்றது. மறுவிசாரணை என்றால் அந்தக் குழந்தையும் மறுபடி கூண்டேற வேண்டும். வேண்டியது வாய்தா குறைவது, சாட்சிக்குக் காவல், பாதிக்கப்பட்டவருக்கு முதல் நாளிலிருந்து கூடவே ஓர் ஆள், மாமன் வீட்டுச் சோற்றை நம்பியிருக்கும் அம்மாவுக்கு இடைக்கால இழப்பீடு. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018இலிருந்து ஏட்டில் இருக்கிறது. அந்த வராண்டாவில் அதைப் பற்றி யாரும் அந்த அம்மாவிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஐந்தாவது வழியைப் பலர் கவனிப்பதே இல்லை. குற்றவாளி விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். சின்னக் குற்றமாகக் குறைத்தாலும், இழப்பீடு போதாவிட்டாலும் செய்யலாம். 2009 கடைசியில் வந்த உரிமை இது. தண்டனை போதவில்லை என்று மட்டும் செய்ய முடியாது. அது அரசின் வேலை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. சீராய்வு மனு என்ற சுற்றுவழி இருக்கிறது, ஆனால் அது உரிமை அல்ல. கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அரசு வழக்கறிஞர் கோப்பைத் தள்ளி வைத்தால் கதை முடிந்தது.

இங்கிலாந்தில் வேறு ஏற்பாடு. தண்டனை அளவுக்கு மீறிக் குறைவு என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும், வழக்கில் சம்பந்தமே இல்லாதவர்கூட, அரசின் தலைமை வழக்கறிஞருக்கு எழுதலாம். அவர் 28 நாளுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 2013இல் சிறுமிகளைச் சீண்டியதாக ஒப்புக்கொண்ட ஒளிபரப்பாளர் ஸ்டூவர்ட் ஹாலுக்கு முதலில் 15 மாதம்தான். மக்கள் எழுதினார்கள், 30 மாதமானது. அதுவும் குறைவு என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் இந்த முறையில் ஒரு நல்லது உண்டு. தப்பான ஒரு தீர்ப்பைத் திருத்த நாட்டின் எல்லா வழக்குக்கும் சேர்த்து அடிக்கோட்டை உயர்த்த வேண்டியதில்லை. அந்த ஒரு வழக்கைத் திருத்தினால் போதும். ஆட்டோ ஓட்டுநர் மாட்ட மாட்டார், ராஜியில் தப்பப் பார்க்கிறவர் மாட்டுவார்.

ஆக, என்னைக் கேட்டால் வரிசை இப்படி வரும். திருநர், வயது வந்த ஆண், மனைவி என்ற மூன்று ஓட்டைகளை அடைப்பது முதலில். அங்கேதான் தண்டனை நிஜமாகக் குறைவு. அதோடு சேர்த்தே சாட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் பணம். அப்புறம் முன்விடுதலை விதிகளை இறுக்குவது. 10ஐ 14 ஆக்குவதை, 2018இல் ஏற்றியது என்ன செய்தது என்று கணக்கெடுக்கும் வரை நிறுத்தி வைக்கலாம். தூக்கு என் பட்டியலில் இல்லை.

மேல்முறையீட்டு உரிமைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவில் விடுதலை, சின்னக் குற்றம், போதாத இழப்பீடு என்று மூன்று இருக்கிறது. நான்காவதாக 'போதாத தண்டனை' என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும். 14 ஆண்டுக்கு மசோதா கொண்டுவந்த அதே சட்டமன்றம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்ற அதே வழியில், இதையும் கொண்டுவரலாம்.